தேரைகளின் பொய் விலாசம்

யாம்னாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கணவனோடு என்ன சண்டை என்று கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்வாள். மாடு ஏன் பால் தரவில்லை என்று கேட்டால், கேட்டவரின் மாடு ஏன் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வாள். வயது ஐம்பத்தொன்று என்று பட்டென்று சொல்லிவிடுவாள். அதில்கூட ஒளிவு மறைவு கிடையாது. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுவிடக் கூடாது: "இன்னைக்கு எங்க தோண்டின?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாருமே உண்மை சொல்வதில்லை. மமோராக் காட்டில், தக்கை மரங்களுக்கு நடுவே மணலில் குடியிருக்கிறவர்கள் நாங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் மணலுக்கடியில் உருளைக்கிழங்கு பருமனில் நிலக்காளான் விளையும். அது வெளியே தலை காட்டாது. மேல்மண்ணில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டிருக்கும். கண்ணுள்ளவர்கள் அதைப் பார்த்து, இரும்பு முனை வைத்த கம்பால் மெல்லக் குத்திப் பார்த்துத் தோண்டுவார்கள். ஊரில் முக்கால்வாசி வீடுகளில் குளிர்காலம் ஓடுவது இந்தக் காளானால்தான். ஆகவே நல்ல இடம் தெரிந்தவர் அதைப் பெற்ற தாய்க்கும் சொல்ல மாட்டார். கேட்டால் எதிர்த்திசையைக் கை காட்டுவார். கேட்டவரும் அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்ள மாட்டார். சௌக்கியமா என்றால் சௌக்கியம் என்று சொல்வதில்லையா, அது மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

இதில் யாம்னாதான் ராணி. கல்யாணமாகி வந்த மூன்றாம் வருடம், ஓடிப்போன கழுதையைத் தேடிப் போனவள், சின்னக் குட்டைக்குப் பின்னால் முட்புதர் சூழ்ந்த ஒரு மணல் திட்டைக் கண்டுபிடித்தாள். கழுதை கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மடி நிறையக் காளானோடு வந்தவள், அடுத்த இருபத்தெட்டு வருடமும் அப்படியே வந்துகொண்டிருந்தாள். வீட்டிலிருந்து அந்தத் திட்டுக்கு நேர்வழியில் பத்து நிமிடம். யாம்னா போகிற வழியில் ஒன்றரை மணி நேரம். முதலில் கிழக்கே போவாள், யூகலிப்டஸ் தோப்பைச் சுற்றுவாள், ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய குட்டையில் முகம் கழுவுவது போல உட்காருவாள், பின்னால் யாருமில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பித் திட்டுக்கு வருவாள். வீடு திரும்பும்போதும் இதே சுற்றுதான்.

பக்கத்து வீட்டு கன்னூ அவளைப் பின்தொடர்ந்து பார்க்காத வருடமில்லை. ஒருமுறை யாம்னா அவளைக் காலையிலிருந்து மாலைவரை காடெல்லாம் இழுத்தடித்து, கடைசியில் கன்னூவின் கொல்லைப்புறத்துக்கே கூட்டி வந்து நிறுத்தினாள்.

"உன் வீடு வந்தாச்சு கன்னூ. டீ போடு, புதினா கொஞ்சம் தூக்கலா."

கணவன் ஜிலாலிக்கும் அவள் இடத்தைச் சொன்னதில்லை. ஜிலாலி மரத்திலிருந்து தக்கைப் பட்டை உரிக்கிற ஆள், கோடையில்தான் வேலை. குளிர்காலத்தில் வீட்டில் இருந்து, அவள் கொண்டுவரும் காளானில் விற்றது போக மிஞ்சியதைப் பழைய வெண்ணெயில் முட்டையோடு வதக்குவார். பேச்சு அதிகம் கிடையாது. இரண்டு பேர் பேச்சையும் யாம்னாவே பேசிவிடுவதால் அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் தேரை வந்து குதித்தது.

ஒரு டிசம்பர் முற்பகல். யாம்னா திட்டில் தோண்டி முடித்துவிட்டு, வழக்கம் போலச் சுற்றுவழியில் பெரிய குட்டைக்கு வந்தாள். அங்கே ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் ரப்பர் உடுப்போடு நின்று வலையால் துழாவிக்கொண்டிருந்தாள். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. யாரோ பைத்தியம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்த யாம்னா அவளைக் கரைக்குக் கூப்பிட்டு, தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் பெயர் நுஸ்ஹா. தலைநகரிலிருந்து வருகிறாள், ஆராய்ச்சிக்காரி. மூன்று குளிர்காலமாக ஒரே ஒரு தேரை இனத்தைத் தேடி இந்தக் காடெல்லாம் அலைகிறாள். கையில் சிக்கியது மொத்தம் ஒன்பது.

"தேரையா? அதுக்கா தண்ணில நிக்கிற? உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் யாம்னா.

சொல்லிக்கொண்டே பையைத் தரையில் சாய்த்தாள். காளான்களோடு சேர்ந்து மணல் உருண்டை மாதிரி ஒன்று வெளியே விழுந்தது. விழுந்தது கண்ணைத் திறந்தது. பூனைக்கண். இமைமேல் செம்மண் நிறத்தில் புள்ளிகள், பின்னங்காலில் குட்டியாக ஒரு மண்வெட்டி. யாம்னா தோண்டும்போது தினமும் பத்துப் பதினைந்து இப்படி வரும். எடுத்துத் தூர வீசிவிட்டு வேலையைப் பார்ப்பாள். இது எப்படியோ பைக்குள் வந்திருக்கிறது.

நுஸ்ஹாவின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது. தேரையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். அப்புறம்தான் கேட்கக் கூடாத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இது எங்க கிடைச்சுது?"

யாம்னாவின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. "இங்கதான். இந்தப் பெரிய குட்டை ஓரத்து மணல்ல."

நுஸ்ஹா உடனே ஒரு ஜிபிஎஸ் கருவியை எடுத்து, அந்தப் பொய்யை எத்தனையோ தசம ஸ்தானம்வரை துல்லியமாகக் குறித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் வண்டி ஊருக்கு வந்தது. யாம்னாவை அவள் கால்தி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அம்மாவின் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவோம். யாம்னா தேரைகளை வாளியில் சேர்த்து வைப்பாள். இரண்டு பேரும் பெரிய குட்டைக்குப் போய், ஒவ்வொன்றையும் நிறுத்து, அளந்து, முதுகுப் புள்ளிகளைப் படம் பிடிப்பார்கள். மனுஷருக்குக் கைரேகை மாதிரி தேரைக்கு அந்தப் புள்ளிகளாம். இந்த இனம் எங்கள் நாட்டுக் கடலோர மணலை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். பகலெல்லாம் மண்ணுக்குள் தூங்கி, மழை பெய்தால் மட்டும் வெளியே வருமாம். கத்தினாலும் தண்ணீருக்கடியில்தான் கத்துமாம். கரையில் நிற்கிறவருக்குக் கேட்காதாம்.

"ஊமைக் கச்சேரி. எங்க வீட்டு ஆளு மாதிரி," என்றாள் யாம்னா.

வம்பு எங்கே வந்ததென்றால், எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது நுஸ்ஹாவின் சட்டம். அதனால் தேரைகளைப் பெரிய குட்டை மணலில் விடுவாள். அவை பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி இறங்கி, ஐந்து நிமிடத்தில் மண்ணுக்குள் மறைந்துவிடும். யாம்னா பேச்சுக் கொடுத்தபடியே ஒவ்வொன்றும் இறங்கிய இடத்தில் ஒரு குச்சியைச் செருகி வைப்பாள். நுஸ்ஹாவின் வண்டி கிளப்பிய புழுதி அடங்கியதும், குச்சி குச்சியாகத் தோண்டி எல்லாவற்றையும் வாளியில் போட்டு, யார் கண்ணிலும் படாமல் சுற்றுவழியில் நடந்து, தன் திட்டிலேயே கொண்டு போய் விடுவாள். தான் சொன்ன பொய்க்கு அதுகள் ஏன் வீடு மாற வேண்டும்? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

தூக்கிச் சுமக்க ஆரம்பித்த பிறகு பாசமும் ஒட்டிக்கொண்டது. அதிலே ஒன்று தொந்தியும் தொப்பையுமாக, யாரைப் பார்த்தாலும் மனுவைத் திருப்பி அனுப்புகிற மாதிரி முழிக்கும். அதற்கு 'கலெக்டர்' என்று பெயர் வைத்தாள். வேறொன்று கையில் எடுத்தால் குழந்தை மாதிரி வீறிடும். அதற்கு கன்னூ என்று பெயர். ஊர் சும்மா இருக்குமா? தேரை டாக்டருக்கு யாம்னா கம்பவுண்டர் என்று கேலி பண்ணியது. "ஆமா, உன் நாக்குக்கும் மருந்து இருக்கு, வந்து வாங்கிட்டுப் போ," என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் நுஸ்ஹா குதித்துக்கொண்டு வந்தாள்.

"கால்தி, இந்தப் படத்தைப் பாருங்க. போன டிசம்பர்ல பிடிச்ச அதே ஆளு. அதே குட்டை, அதே கரை. ஒரு அடி நகரல. இப்படிப் பதினெட்டுப் பேரு. இவ்வளவு வீட்டுப் பற்று உள்ள ஜீவனை நான் பார்த்ததே இல்ல. இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன்."

"ஆமா ஆமா. ரொம்ப விசுவாசம்," என்ற யாம்னா வாளியைப் பார்த்தாள். கலெக்டர் அவளையே முறைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் அதே நுஸ்ஹா இன்னொரு நாள் முழங்கால்வரை சேறாக வந்து, அடுப்பு அனலில் கையைக் காட்டியபடி வேறு விதமாகப் பேசினாள். "மழை பெய்யுற சாயங்காலமெல்லாம் பெரிய குட்டைல போய் நிக்கிறேன் கால்தி. ஒண்ணுகூடக் கண்ணுல படல. நீங்க வாளி நிறையக் கொண்டு வர்றீங்க. எனக்குத்தான் பார்க்கத் தெரியல போல. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோன்னு தோணுது."

யாம்னா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, உப்பு கேட்கிற சாக்கில் கன்னூ வாசலில் வந்து நின்றாள். திறந்த வாயில் யாம்னா ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டு மூடிக்கொண்டாள்.

பொய் சும்மா கிடக்குமா? அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நுஸ்ஹா வீடு வீடாக உட்கார்ந்து பேசி, ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்திருந்தாள். தேரை இருக்கிற குட்டையில் வசந்தம் முடிகிறவரை மாடு இறக்க மாட்டோம் என்று எல்லோரும் மனசார ஒத்துக்கொண்டார்கள். நம் ஊர்த் தேரை உலகத்தில் வேறெங்கும் இல்லாத தேரை என்பதில் பெருமை வேறு. அதனால் ஊர் மாடுகள் மொத்தமும் பெரிய குட்டையை விட்டுவிட்டுச் சின்னக் குட்டைக்கு வந்தன. உண்மையில் தேரைகள் முட்டையிடுகிற இடம் அதுதான். யாம்னா தினமும் கம்பெடுத்துக்கொண்டு நின்று, ஈரம் அதிகம், கொசு அதிகம், புல் கசக்கிறது என்று என்னென்னவோ சொல்லி மாடுகளை விரட்டினாள். தொண்டை வலிதான் மிச்சம்.

அப்புறம் பிப்ரவரியில் பொக்லைன் வந்தது.

கோடையில் எங்கள் ஊரில் தண்ணீர் கிடையாது. இரண்டு குட்டையும் ஜூன் மாதம் காய்ந்துவிடும். பெண்கள் கழுதையில் குடம் ஏற்றிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போவார்கள். குட்டையை ஆழப்படுத்தித் தாருங்கள் என்று ஊர் பல வருடமாகக் கேட்டு, கடைசியில் ஒரே ஒரு நாளைக்கு ஒரு பொக்லைன் அனுப்பினார்கள். ஒரு நாள், ஒரு குட்டை. எதைத் தோண்டுவது என்று முடிவு செய்ய, சின்னக் குட்டைக்கு எதிரே இருந்த தக்கை மரத்தடியில் காலையிலேயே ஊர் கூடியது. ஊர் நிலத்துக்குப் பொறுப்பான சீ மெக்கி, அதாவது மெக்கி ஐயா, நடுவில் உட்கார்ந்தார். நுஸ்ஹா தன் வண்டியின் முன்மூடிமேல் தான் போட்ட வரைபடத்தை விரித்தாள். பெரிய குட்டையைச் சுற்றி அம்மை போட்ட மாதிரி, தேரைக்கு ஒன்றாக அறுபத்து மூன்று சிவப்புப் புள்ளிகள். சின்னக் குட்டைப் பக்கம் சுத்தமாக இருந்தது.

"ஆழமா தோண்டுன குட்டை கோடையிலயும் காயாது," என்று நுஸ்ஹா நிதானமாகச் சொன்னாள். "காயலேன்னா யாராவது மீனைக் கொண்டுவந்து விடுவாங்க. மீன் வந்தா தேரை முட்டை ஒண்ணுகூட மிஞ்சாது. தேரைக்குக் காயுற குட்டைதான் வேணும். உங்களுக்குக் காயாத குட்டை வேணும். நல்லவேளை, ரெண்டு குட்டை இருக்கு. சின்னதைத் தோண்டுங்க, பெரியதை விட்டுருங்க."

இதைவிட நல்ல யோசனை உண்டா? ஊர் தலையாட்டியது. சீ மெக்கி யாம்னாவைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்குத்தான் அதிர்ஷ்டம். வீட்டு வாசல்லயே தண்ணி. கம்பவுண்டர் வேலைக்கு நல்ல கூலி."

யாம்னா கணக்குப் போட்டுப் பார்த்தாள். தோண்டப்போவது குட்டையைத்தான், அவள் திட்டை அல்ல. வாயை மூடிக்கொண்டிருந்தால் திட்டு அவளுடையதாகவே இருக்கும். காளான் இருக்கும். ஆறு கிலோமீட்டர் நடை ஒழிந்து, பத்து நிமிடத்தில் தண்ணீரும் இருக்கும். தேரைகள் மட்டும் இருக்காது. திட்டில் இருப்பவை வாழ்ந்து முடித்துவிட்டுப் போகும், புதிதாக ஒன்றும் பிறக்காது. அவ்வளவுதானே, தேரைதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

அதற்காக உடனே உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். இருபத்தெட்டு வருடப் பழக்கம். முதலில் கைவசம் இருந்த மற்றப் பொய்களை எடுத்தாள்.

"அந்தக் குட்டைல ஜின் பூதம் இருக்கு."

"போன வாரம் உன் மாடு அதுல படுத்துப் புரண்டுச்சே. ஜின் ஒண்ணும் கேக்கலியா?" என்றார் சீ மெக்கி.

"மண்ணு உறுதியில்ல. மெஷின் கவுந்துரும்."

பொக்லைன் ஓட்டுநர் டீயை உறிஞ்சியபடி, "நான் கடற்கரையிலயே ஓட்டினவன் அம்மா," என்றான். டம்ளரை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை உயிர்ப்பித்தான். இரும்புக் கை மெல்ல மேலே எழுந்தது.

யாம்னா போய்க் குட்டைக்கும் பொக்லைனுக்கும் நடுவில் நின்றாள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினான்.

"அந்தப் படம் பொய்," என்றாள். "பெரிய குட்டைல தேரையே கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாம் இங்கதான்."

நுஸ்ஹா படத்தைப் பார்த்தாள், யாம்னாவைப் பார்த்தாள். "எல்லாமேவா கால்தி? அறுபத்து மூணும்?"

"அறுபத்து மூணும்."

"அந்தப் பதினெட்டுப் பேரு... ஒரு அடி நகராம..."

"நான்தான் நகர்த்தினேன். நீ விட்டுட்டுப் போவ, நான் தோண்டி எடுத்துட்டு வந்துருவேன்."

நுஸ்ஹா வண்டியின் மீது சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு குளிர்காலம் அந்தத் தண்ணில நின்னேன். எனக்குக் கண்ணு சரியில்லன்னு நினைச்சேன்," என்றாள்.

"உன் கண்ணு நல்ல கண்ணு மகளே. என் வாய்தான் கெட்ட வாய்." யாம்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் முன்னால் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. "எங்க தோண்டினேன்னு நீ கேட்டியே. அதைக் கேட்டா எங்களுக்கு உண்மை வராது. பழகலை."

சீ மெக்கி தாடியைத் தடவினார். ஊருக்கே தெரியும், இது குற்றம் என்றால் அங்கே கூடியிருந்த எல்லோரும் குற்றவாளிதான். "சரி, எங்கதான் இருக்கு? கையைக் காட்டு," என்றார்.

யாம்னாவின் கை எழுந்தது. வழக்கப்படி கிழக்கே போகப் பார்த்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி ஒரு பாடு பட்டு, முட்புதருக்கு அப்பால் இருந்த மணல் திட்டைக் காட்டினாள்.

"அங்க."

தேரை தோண்டிய இடம் என்றால் காளான் தோண்டிய இடம். இது முதலில் யாருக்கு உறைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்," என்று கன்னூ எழுந்தாள். அடுத்தவளுக்கு ஆடு கட்டவில்லை என்று ஞாபகம் வந்தது. இன்னொருவருக்குத் திடீரென்று முழங்கால் வலி, வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஊர்க்கூட்டம் கலைந்தது. பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் கையில் கம்போடு முட்புதருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சீ மெக்கி மட்டும் கௌரவம் கருதி நடந்து போனார், ஆனால் வேகமாக. மரத்தடியில் மிஞ்சியவர்கள் யாம்னா, நுஸ்ஹா, ஒன்றும் புரியாத ஓட்டுநர், எப்போதும் போல ஒன்றும் பேசாத ஜிலாலி.

"அப்ப நான் தோண்டவா, வேண்டாமா?" என்றான் ஓட்டுநர்.

"பெரிய குட்டைக்குப் போ," என்றாள் நுஸ்ஹா. பிறகு சட்டென்று எழுந்தாள். "கால்தி, அவங்க தேரையைத் தூக்கி வீசுவாங்க."

யாம்னா ஓடினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் திட்டுக்கு நேர்வழியில் ஓடினாள்.

அங்கே அவள் பார்த்தது கல்யாணப் பந்தி. நாற்பது பேர் குந்தி உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் புதரடியில் முதல் காளான் வரும், எந்த மூலையில் பெரியது வரும் என்று அவளுக்கு ஒவ்வொரு சாண் மண்ணும் அத்துப்படி. அந்த மண்ணையெல்லாம் இப்போது யார் யாருடைய கம்போ கிளறிக்கொண்டிருந்தது. ஓரமாக நின்று ஒரு பாட்டம் அழுதுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் கன்னூவின் கையில் ஒரு தேரை வந்துவிட்டது.

"வீசினே, கையை ஒடிச்சுருவேன்," என்றாள் யாம்னா.

கன்னூ வீசவில்லை. தேரையைத் தன் தலைத்துணி நுனியில் பத்திரமாக வைத்து நீட்டினாள். அவள் பை வாய்வரை நிறைந்திருந்தது. அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தா, உன்னுது."

அதுவே அன்றைய சட்டமாகிவிட்டது. காளான் தோண்டியவருக்கு, தேரை யாம்னாவுக்கு. "யாம்னா, இந்தா உன் ஆளு," "யாம்னா, இங்க ஒருத்தன் முறைக்கிறான்," என்று நாலாபக்கமும் கூப்பாடு. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தாள். இப்படிப் பிடி, வயிற்றை அமுக்காதே, குழியை மூடு, அது அவர்கள் கூரை என்று ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டே இருந்தாள். இந்தத் திட்டில் தோண்டுகிறவர் குழியை மூடிவிட்டுத்தான் போக வேண்டும், தேரை கிடைத்தால் யாம்னாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சீ மெக்கி அங்கேயே அறிவித்தார். தன் பையைக் கட்டிக்கொண்டேதான் அறிவித்தார். நுஸ்ஹா புதருக்கருகே தராசை வைத்து, புதுக் காகிதத்தில் எழுதினாள். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாளிக்கு வாளி அந்த இறுக்கம் தளர்ந்துகொண்டிருந்தது. மூன்று குளிர்காலம் தனியாக அலைந்து ஒன்பது கண்டவள், ஒரே பகலில் நாற்பத்தொன்று கண்டாள்.

"கட்டுரையைக் கிழிச்சுப் போடணும்," என்றாள் கடைசியில்.

"பாவம், எவ்வளவு எழுதியிருந்த?"

"நாப்பது பக்கம்."

"எங்கெங்க எடுத்தேன்னு நான் வேணா சொல்றேன், புதுசா எழுதிக்கிறியா?"

"நீங்க ஒண்ணும் சொல்லவே வேண்டாம் கால்தி. இனிமே கம்பு என் கையில, நானே தோண்டுறேன்." சொல்லிவிட்டு நுஸ்ஹா, அன்று முதல்முறையாக, சிரித்துவிட்டாள்.

வெயில் சாய்ந்தபோது எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். யாம்னா நாற்பத்தொரு தேரைகளையும் ஒவ்வொன்றாக மணலில் விட்டாள். கலெக்டர் கடைசியாக, போனால் போகிறது என்கிற மாதிரி பின்பக்கமாக இறங்கியது. குச்சி எதுவும் செருகவில்லை. அந்த வேலை தீர்ந்தது. அவள் பையில் ஒரு காளான்கூட இல்லை.

வீட்டில் ஜிலாலி அடுப்பில் சட்டியை வைத்து வெண்ணெயை உருக்கியிருந்தார். யாம்னா காலிப் பையை மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவர் பையைப் பார்த்தார். இரண்டு முட்டையை மட்டும் உடைத்து ஊற்றினார்.

"இருபத்தெட்டு வருஷம் உன்கிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு ஊருக்கே சொல்லிட்டேன். கோவமா?" என்றாள் யாம்னா.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இடம். கல்யாணம் ஆகி அஞ்சாவது வருஷமே தெரியும். அந்த ஓடிப்போன கழுதையை நான் அப்பவும் தேடிட்டே இருந்தேன். நீ அங்க தோண்டிட்டிருந்த."

யாம்னா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்ப காலைல, அந்த ஆளு மெஷினைத் தூக்குறப்ப, நீ ஏன் வாயைத் திறக்கல? நான் சொல்லாமலே விட்டிருந்தா?"

"அது உன் இடம். நான் எப்படிச் சொல்றது?" ஜிலாலி முட்டையைப் புரட்டினார். "நீ சொல்லிருவேன்னு நினைச்சேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"இத்தனை வருஷத்துல ஒருநாளாவது, எனக்குத் தெரியும்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே மனுஷா."

"சொன்னா நீ இன்னும் தூரமா வேற இடம் தேடிப் போயிருப்ப. நீ வர்றதுக்குள்ள தினமும் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்," என்றார் ஜிலாலி. சட்டியை இறக்கி அவள் முன்னால் வைத்து, ரொட்டியைப் பிய்த்துப் பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளினார்.